ஒப்பந்தம் பாக்கி இருக்கும்போதே ஒரு கால்பந்து மேனேஜர், அதாவது அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர், எதிரி கிளப்புக்குப் போனால், பழைய கிளப்பால் என்ன செய்ய முடியும்?

அலெக்ஸ் மெக்லீஷை வைத்து நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். 2011 ஜூன் 12 அன்று பர்மிங்காம் சிட்டி மேனேஜர் வேலையை மின்னஞ்சலில் ராஜினாமா செய்தார். ஜூன் 17 அன்று அதே ஊரில் பரம வைரியான ஆஸ்டன் வில்லாவில் மேனேஜர் ஆகிவிட்டார். பர்மிங்காமில் ஒப்பந்தக் காலம் முடியவில்லை, அப்படியும் எந்தக் கோர்ட்டும் தடுக்கவில்லை, அப்புறம் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்பது உங்கள் கேள்வி. என் பார்வையில் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. போகிறவரைச் சட்டம் பிடித்து நிறுத்துமா என்பது ஒன்று. நிறுத்தாது என்றால், விட்டுவிட்டுப் போகப்பட்ட கிளப்புக்கு என்ன மிஞ்சும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதில்தான் நிறைய விஷயம் இருக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வரி. லண்டனில் இருபது வருடமாக வேலை ஒப்பந்த வழக்குகள் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் விற்பனைப் பிரிவுத் தலைவர்கள், மென்பொருள் நிறுவனக்காரர்கள், கிளினிக் நடத்தும் டாக்டர்கள். கால்பந்து மேனேஜர் யாருக்கும் நான் வாதாடியதில்லை, ஆனால் சட்டம் அவர்களுக்கும் இவர்களுக்கும் ஒன்றுதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நான் இருப்பது தார்ன்டன் ஹீத், செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்துக்கு நடந்து போகும் தூரம், என் அணி அங்கே ஆடும் கிறிஸ்டல் பேலஸ். இந்தத் துறையில் முக்கியமான மூன்று வழக்குகள் எங்கள் கிளப்பில் நடந்தவை. அதனால் உதாரணங்கள் அங்கிருந்தே வரும், கொஞ்சம் ஆதங்கமும் சேர்ந்து வரும்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. ஒருவரை விருப்பமில்லாமல் வேலை செய்யும்படி இங்கிலாந்து நீதிமன்றம் உத்தரவிடாது. 1992-ம் வருடத்துத் தொழிலாளர் சட்டத்தின் 236-வது பிரிவு இதை நேராகவே சொல்கிறது. அதற்கும் வெகு முன்னால், 1852-ல், ஒரு பாடகி வழக்கிலேயே இது தீர்மானமாகிவிட்டது. யோஹானா வாக்னர் என்ற ஜெர்மன் பாடகி லண்டனில் பெஞ்சமின் லம்லியின் அரங்கில் மூன்று மாதம் பாடுவதாகவும், அந்தக் காலத்தில் வேறெங்கும் பாடுவதில்லை என்றும் கையெழுத்துப் போட்டிருந்தார். பக்கத்தில் கோவென்ட் கார்டனை நடத்திய ஃபிரெடரிக் கை அதிகப் பணம் தருவதாகச் சொல்ல, அந்தப் பக்கம் போகப் பார்த்தார். உன்னை லம்லியிடம் பாடச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை, ஆனால் வேறெங்கும் பாடக்கூடாது என்று தடுக்க முடியும் என்றது நீதிமன்றம். மறு வருடமே லம்லி, அந்த ஃபிரெடரிக் கை மீதும் வழக்குப் போட்டார். தெரிந்தே ஒப்பந்தத்தை மீறத் தூண்டியவனும் பொறுப்பாளி என்று அதில் தீர்ப்பானது. மேனேஜரைப் பழைய வேலையில் உட்காரவைக்க முடியாது, புது வேலையில் உட்காரவிடாமல் கொஞ்ச நாள் தடுக்கலாம், இழுத்துக்கொண்டு போனவரிடம் பணம் கேட்கலாம். இன்றைக்குக் கால்பந்தில் நடப்பதெல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

இதில் நியாயமும் இருக்கிறது. மனசு வேறெங்கோ போய்விட்ட ஒருவரைச் சனிக்கிழமை மதியம் கோட்டுக்கு வெளியே நிறுத்திவைத்து என்ன பயன்? அவர் தேர்ந்தெடுக்கும் பதினொரு பேரை யார் நம்புவார்கள்? தோற்றால் வேண்டுமென்றே தோற்றார் என்பார்கள், ஜெயித்தால்கூடச் சந்தேகம் போகாது.

தடுப்பது என்பதற்கு நல்ல உதாரணம் ஸ்டீவ் புரூஸ். 2001 கோடையில் பேலஸுக்கு மேனேஜராக வந்தார், அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்தது, சில மாதங்களிலேயே பர்மிங்காம் சிட்டிக்குப் போகிறேன் என்று ராஜினாமா கொடுத்தார். இரண்டு கிளப்பும் அப்போது ஒரே டிவிஷனில், அதற்கு மேலே உச்சத்தில் இருக்கும் பிரீமியர் லீக்குக்கு ஏறப் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. பேலஸ் சேர்மன் சைமன் ஜோர்டன் ராஜினாமாவை ஏற்கவில்லை. நோட்டீஸ் காலம் முழுக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டில் இரு, வேறெங்கும் வேலை பார்க்காதே என்ற கார்டன் லீவ் பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தது. ஜோர்டன் அதை எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றம் போனார், தடை உத்தரவும் கிடைத்தது. அப்புறம் என்ன ஆனது என்று பாருங்கள். டிசம்பரில் இரண்டு கிளப்பும் இழப்பீடு பேசி முடித்தன, புரூஸ் பர்மிங்காம் போனார், 2002 மே மாதம், மேலே ஏறும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் போட்டியின் இறுதியில் நார்விச்சைப் பெனால்டியில் வென்று பிரீமியர் லீக்குக்கு ஏற்றியும் விட்டார். தடை உத்தரவு அவரைச் சில வாரங்கள்தான் நிறுத்தியது. ஆனால் பேலஸின் பேரம் பேசும் பலத்தைக் கூட்டியது அந்தச் சில வாரங்கள்தான். புது கிளப்புக்கு மேனேஜர் இன்றைக்கு வேண்டும், சீசன் முடிந்தபின் வந்து பயனில்லை. அந்த அவசரத்துக்குத்தான் காசு.

இனி நான் உறுதியாகப் பேச முடியாத இடம். கார்டன் லீவை எவ்வளவு காலத்துக்கு நீதிமன்றம் ஏற்கும் என்பதற்கு நிலையான அளவு கிடையாது. கிளப்புக்குக் காப்பாற்ற வேண்டிய நியாயமான நலன் என்ன, அதற்குத் தேவையான காலத்துக்கு மேல் கேட்கிறதா, சும்மா உட்கார்ந்திருந்தால் இவருடைய தொழில்திறமை வாடிப்போகுமா என்றெல்லாம் நீதிபதி பார்ப்பார். எனக்கு ஒரு வழக்கு ஞாபகம் இருக்கிறது. விற்பனைத் தலைவர் ஒருவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராஜினாமா அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை காலை போட்டி நிறுவனத்தின் வாசலில் அடையாள அட்டைக்காக நின்றிருந்தார். என் கட்சிக்காரர், அதாவது பழைய முதலாளி, ஒரு வருடத் தடை கேட்டார். நீதிபதி வாடிக்கையாளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் உள்ள தகவல் எத்தனை மாதத்தில் பழசாகும் என்று என்னைக் கேட்டார். நேர்மையாகச் சொன்னால் ஆறு மாதம். ஆறு மாதம்தான் கிடைத்தது. கால்பந்தில் அந்தக் கணக்கு இன்னும் சிக்கல். பழைய அணி கார்னர், ஃப்ரீ கிக் எடுக்கும் செட்-பீஸ் திட்டம், வீரர்களின் உடல்நிலை, ஜனவரியில் யாரை வாங்கப் போகிறோம் என்பதெல்லாம் வீரர்களை வாங்கி விற்கும் ஒரு டிரான்ஸ்ஃபர் காலம் முடிந்தால் பாதி பழசு. ஒரு முழு சீசனுக்குத் தடை கேட்டால் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டால், கிடைக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன்.

அடுத்தது பணம். ஒப்பந்தத்தில் தொகை எதுவும் எழுதவில்லை என்றால் கிளப் தன் நஷ்டத்தைத் தானே நிரூபிக்க வேண்டும், அது பெரும்பாடு. புது ஆளைத் தேடிய செலவு, அவருக்குக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம் இவற்றைக் காட்டலாம், ஆனால் போனவருக்குக் கொடுக்காமல் மிச்சமான சம்பளத்தை அதில் கழிப்பார்கள். இவர் போனதால்தான் கீழ் டிவிஷனுக்கு இறங்கினோம், டிவி பணம் போனது என்று வாதாடலாம்தான், ஆனால் இறங்கியதற்குக் காரணம் அவர் போனதா, ஸ்ட்ரைக்கரின் முழங்கால் காயமா என்று எதிர்த்தரப்பு கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அதனால்தான் விலையை முன்னாலேயே எழுதிவைக்கிறார்கள். 2024 நவம்பரில் ரூபன் அமோரிம் ஸ்போர்ட்டிங் லிஸ்பனிலிருந்து மான்செஸ்டர் யுனைட்டெட் போனது இதற்குத் தெளிவான உதாரணம். இவ்வளவு கட்டினால் போகலாம் என்ற ரிலீஸ் கிளாஸ் தொகை 1 கோடி யூரோ, நோட்டீஸ் காலத்தை விட்டுக்கொடுத்ததற்கு மேலும் 10 லட்சம் யூரோ, இதை ஸ்போர்ட்டிங்கே பங்குச்சந்தைக்கு அறிவித்தது. ஒப்பந்தத்தை உடைத்துவிட்டார் என்று இதைச் சொல்வது சட்டப்படி தவறு. வெளியே போகும் வாசலும் ஒப்பந்தத்திலேயே இருந்தது, அதற்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார். பத்திரிகையில் நீங்கள் படிக்கும் 'மீறல்' பெரும்பாலும் இந்த வகைதான். இங்கிலாந்தில் அப்படி எழுதும் தொகை கிளப்பின் நியாயமான நலனுக்குச் சம்பந்தமே இல்லாத அளவு பெரிதாக இருந்தால் அபராதம் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள், 2015-ல் உச்ச நீதிமன்றம் அந்த அளவுகோலைத் திருத்தி எழுதியபின் தள்ளுவது முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

இப்போது இயன் டவி. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் மீறலைவிடப் பொய்தான் மேனேஜர்களை மாட்டிவிடுகிறது என்பதை இதைப்போல் காட்டும் வழக்கு வேறில்லை. 2003 டிசம்பரில் டவி மேனேஜராக வந்தபோது பேலஸ் டிவிஷனின் அடிப்பகுதியில் கிடந்தது. 2004 மே மாதம் வெஸ்ட் ஹாமை 1-0 என்று பிளே-ஆஃப் இறுதியில் வென்று பிரீமியர் லீக்கில் இருந்தோம். அடுத்த வருடமே, 2005 மே 15 அன்று, கடைசி ஆட்டத்தில் 2-2 சமன் செய்து கீழே இறங்கினோம். அந்த ஆட்டம் நடந்தது சார்ல்டன் அத்லெடிக்கின் மைதானத்தில். தென் லண்டனில் எங்களுக்குப் பக்கத்துக் கிளப், 1985 முதல் சில வருடம் எங்கள் மைதானத்திலேயே வாடகைக்கு ஆடியவர்கள். 82-வது நிமிடத்தில் அவர்கள் சமன் செய்தபோது நான் லண்டன் ரோட்டில் ஒரு கடையில் ரேடியோ கேட்டுக்கொண்டு நின்றேன். கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் ரேடியோவை அணைத்தார், நானும் எடுத்து வைத்திருந்த பால் பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

டவியின் ஒப்பந்தத்தில், அவர் பிரீமியர் லீக் கிளப்புக்குப் போனால் பேலஸுக்கு 10 லட்சம் பவுண்டு இழப்பீடு என்று ஒரு பிரிவு இருந்தது. 2006 மே மாதம், குடும்பம் வடக்கே போல்டனில் இருக்கிறது, அவர்களுக்குப் பக்கத்தில் போகவேண்டும் என்றார். ஜோர்டன் அதை நம்பி, அந்த 10 லட்சத்தையும் விட்டுக்கொடுத்து, பரஸ்பர சம்மதத்தில் பிரிவதாக ஒரு உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டார். அது மே 22. மே 30 அன்று டவி சார்ல்டனின் புது மேனேஜராக மேடையில் உட்கார்ந்திருந்தார். சார்ல்டன் பிரீமியர் லீக்கில் இருந்த கிளப், செல்ஹர்ஸ்ட் பார்க்கிலிருந்து வடக்கே போல்டன் வரைக்கும் போகத் தேவையே இல்லாத தூரம். அந்தப் பத்திரிகையாளர் சந்திப்பிலேயே பேலஸின் ஆள் ஒருவர் போய் வழக்கு நோட்டீஸைக் கையில் கொடுத்தார்.

இங்கே ஜோர்டன் எடுத்த பாதையைக் கவனியுங்கள். டவி ஒப்பந்தத்தை மீறவே இல்லை, அதுதான் பரஸ்பர சம்மதத்தில் முடிந்துவிட்டதே. அதனால் வழக்கு, ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார் என்று போடப்பட்டது. 2007 ஜூனில் நீதிபதி டுகன்தாட், உடன்பாட்டுக்கு முன் டவி சொன்னது உண்மையல்ல, பேலஸை ஏமாற்றித்தான் அந்த விடுதலையைப் பெற்றார் என்று தீர்ப்பளித்தார். ஆனால் உடன்பாட்டையே ரத்து செய்ய மறுத்துவிட்டார். ரத்து செய்தால் பழைய வேலை ஒப்பந்தம் மறுபடி உயிர்பெறும், அதற்குள் டவி சார்ல்டனிலும் வேலை பார்த்து, 2006 நவம்பரில் அங்கிருந்தும் நீக்கப்பட்டிருந்தார். கிளப்புக்குக் கிடைக்கக்கூடியது இழப்பீடு மட்டும்தான் என்று ஆனது. எங்கள் மேனேஜர் அன்று எங்களைப் பார்த்துப் பொய் சொன்னார் என்று ஒரு நீதிபதி எழுதிவைத்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

டோனி பூலிஸ் விவகாரமும் இதே ரகம், ஆனால் அவர் எதிரி கிளப்புக்குப் போகவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013-14 சீசனில் பேலஸைக் கீழே இறங்காமல் காப்பாற்றினார், அதற்கு 20 லட்சம் பவுண்டு போனஸ், ஆகஸ்ட் 31 வரை வேலையில் இருந்தால்தான் அது அவருடையது. முன்னாலேயே வேண்டும் என்று கேட்டு, கிளப்பில் தொடர்வேன் என்ற உறுதியும் கொடுத்து வாங்கினார். 2014 ஆகஸ்ட் 14 அன்று, சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, கிளம்பிவிட்டார். இந்த மாதிரித் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் மன்றம் (ஆர்பிட்ரேஷன்) 37 லட்சம் பவுண்டுக்கு மேல் திருப்பிக் கட்டச் சொன்னது. 2016-ல் உயர் நீதிமன்றத்துக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார், அங்கேயும் எடுபடவில்லை. என்னிடம் ராஜினாமா ஆலோசனைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இந்த இரண்டு கதையையும் சொல்கிறேன். போவது உங்கள் உரிமை, எங்கே போகிறீர்கள் என்று சொல்லாமலிருப்பதும் பெரும்பாலும் உங்கள் உரிமை, ஆனால் கேட்டால் பொய் சொல்லாதீர்கள்.

அழைத்துக்கொண்டு போகும் கிளப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கும் மேனேஜரை அவருடைய கிளப்பின் அனுமதி இல்லாமல் அணுகக்கூடாது என்பது பிரீமியர் லீக் விதி. மெக்லீஷ் விஷயத்தில் பர்மிங்காம் புகார் கொடுத்தது இதை வைத்துத்தான், கடைசியில் வில்லாவுடன் இழப்பீடு பேசி முடிந்தது. மார்கோ சில்வா விஷயத்திலும் இதே கதைதான். அவர் வாட்ஃபோர்ட் மேனேஜராக இருந்தபோது 2017-ல் எவர்ட்டன் அவரை அணுகியதிலிருந்து ஆட்டம் கெட்டுவிட்டது என்று சொல்லி வாட்ஃபோர்ட் 2018 ஜனவரியில் அவரை நீக்கியது, மே மாதம் அவர் எவர்ட்டனுக்கே போனார், 2019-ல் எவர்ட்டன் வாட்ஃபோர்டுக்குப் பணம் கொடுத்து முடித்துக்கொண்டது. ஏன் எல்லாமே பேசி முடிகிறது என்றால், அணுகினார்கள் என்று நிரூபிப்பது கஷ்டம். நடுவில் ஒரு ஏஜென்ட் இருப்பார், கிளப்புக்காரர் மேனேஜரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார், ஏஜென்ட்டிடம் 'உங்கள் ஆளுக்கு ஆர்வம் இருக்குமா' என்று மட்டும் கேட்டிருப்பார். மெக்லீஷ் ராஜினாமா செய்த அந்த ஐந்து நாளில் யார் யாருக்கு முதலில் போன் செய்தார் என்று எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்லவில்லை, அதனால் நானும் வில்லாவைக் குற்றவாளி என்று எழுத மாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். கிளப்புகள்தான் இந்த ஒப்பந்தங்களைப் பாதியில் அதிகம் முடிக்கின்றன. மெக்லீஷையே வில்லா ஒரு வருடம் முடிவதற்குள், 2012 மே மாதம் நீக்கிவிட்டது. கெவின் கீகன் 2008 செப்டம்பரில் நியூகாசிலை விட்டுப் போனபோது வெளியில் பார்த்தால் அதுவும் மேனேஜர் விட்டுவிட்டு ஓடியதுதான். ஆனால் வீரர்களை எடுப்பதில் கடைசி வார்த்தை அவருடையது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அவர் வேண்டாம் என்ற ஒரு வீரரைக் கிளப் எடுத்திருந்தது. அது நீக்கியதற்குச் சமம் என்று நடுவர் மன்றம் 2009-ல் சொல்லி 20 லட்சம் பவுண்டு கொடுக்கவைத்தது. அவர் கேட்டது அதைவிட மிக அதிகம், ஒப்பந்தத்தில் அந்தத் தொகை எழுதியிருந்ததால் அதோடு நின்றது. முன்பே எழுதிவைக்கும் விலை இரண்டு பக்கமும் வெட்டும்.

வெளிநாட்டுச் சட்டங்களில் நான் பயிற்சி பெற்றவன் இல்லை, அதனால் ஒரு விஷயத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். ஃபிஃபா விதியில் ஒரு வீரர் ஒப்பந்தத்தின் ஆரம்ப வருடங்களில் காரணமில்லாமல் உடைத்தால் நான்கு மாதம் ஆடத் தடை வரலாம், பயிற்சியாளர்களுக்கு 2021 முதல் தனி விதிகள் வந்தபோதும் அந்த மாதிரி ஆட்டத் தடை அவர்களுக்கு வைக்கப்படவில்லை. வீரர் விஷயத்தில் இருக்கும் கண்டிப்பு மேனேஜர் விஷயத்தில் இல்லை என்று நீங்கள் நினைத்திருந்தால், அது சரிதான்.

சரி, 'எதிரி' கிளப் என்பதற்குச் சட்டத்தில் ஏதாவது எடை உண்டா? தானாக எதுவும் இல்லை. மெக்லீஷ் வில்லாவுக்குப் போனாலும் வடக்கு ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு கிளப்புக்குப் போனாலும் நீதிபதிக்கு ஒன்றுதான், ஒப்பந்தத்தில் வேறுபடுத்தி எழுதியிருந்தால் ஒழிய. எழுதலாம், எழுதவேண்டும் என்றுதான் நான் சொல்வேன். எந்தக் கிளப்புக்கும் போகாதே என்று அகலமாக எழுதும் பிரிவு நீதிமன்றத்தில் உடைந்துபோகும், இந்த இரண்டு கிளப்புக்கு மட்டும், இந்த சீசன் முடியும்வரை மட்டும் என்று ஒடுக்கமாக எழுதினால் நிற்க வாய்ப்பு அதிகம். ஆனால் கிளப்புகள் கேட்கத் தயங்குகின்றன. புது மேனேஜர் வரும் நாளில், மாலையோடு வரவேற்கும் நேரத்தில், நீ பக்கத்து ஊருக்கு ஓடிவிடுவாய் என்று பயப்படுகிறோம் என்று யார் வாய்திறந்து சொல்வார்கள்?

ரசிகர்களின் கோபத்துக்கு மட்டும் என்னிடம் எந்தப் பிரிவும் இல்லை. அது எப்படிப் போகும் என்றும் சொல்ல முடியாது. ஹாரி ரெட்நாப் 2004 நவம்பரில் போர்ட்ஸ்மவுத்தை விட்டுவிட்டு, இரண்டே வாரத்தில் அவர்களின் ஜென்ம எதிரியான சவுத்தாம்ப்டனில் சேர்ந்தார். அந்த சீசனில் சவுத்தாம்ப்டன் கீழே இறங்கியது. 2005 டிசம்பரில் ரெட்நாப் போர்ட்ஸ்மவுத்துக்கே திரும்பி வந்தார், ஏற்றுக்கொண்டார்கள். 2008 மே மாதம் எஃப்.ஏ. கோப்பையை வென்று கொடுத்தார். நகரத்தின் கௌரவக் குடிமகன் பட்டம் தர முடிவு செய்தார்கள். அக்டோபர் கடைசியில் டோட்டன்ஹாம் இழப்பீடு கட்டி அவரைக் கூட்டிக்கொண்டு போனது. சில நாளில் அந்தப் பட்டத்தை வாங்கப் போர்ட்ஸ்மவுத்துக்கு வந்து நின்றவரை, கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டு ஏசியது.